கள்ளனைப் பிடிப்பது வேறு, களவை நிறுத்துவது வேறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது இருந்து வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள், முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி வராந்தாவில் நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஊரில் களவு கூடிவிட்டது, இனிப் பொறுக்க முடியாது என்பதற்குத்தான் அந்தக் கூட்டம். கடைசியில் வந்த முடிவு: இளைஞர்கள் இரவு பத்து மணிக்குப் பிறகு தடி பொல்லோடு ஒழுங்கைகளில் நிற்பது, சந்தேகமான ஆள் அகப்பட்டால் "கவனிப்பது", படம் எடுத்து வாட்ஸ்அப் குழுமங்களில் போடுவது. எல்லாரும் கை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. பேசாமல் வந்ததுதான் என்னை இந்த நான்கு நாளும் உறங்க விடவில்லை. அங்கு சொல்லாததை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். களவு சின்ன விசயம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மூரில் களவு போகிறவை நகைப் பெட்டிகள் அல்ல. தண்ணீர் மோட்டர், சைக்கிள், கேஸ் சிலிண்டர், போன், வாசலில் காய்ந்த நெல் மூட்டை, தோணியில் விட்ட இயந்திரத்தின் உதிரிப்பாகம், கட்டிய ஆடு, வளவில் விழுந்த தேங்காய். பள்ளியில் வுழூச் செய்கிற பித்தளைக் குழாயைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். பணக்காரனுக்கு இவை பெரிய இழப்பல்ல, மறுநாள் புதிது வாங்குவான். தையல் மெசினை இழந்த பெண்ணுக்கு அது அடுத்த மூன்று மாதச் சோறு. கடலுக்குப் போகிறவரின் இயந்திரத்தில் கை வைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு கிழமை பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். சைக்கிள் களவு போயிருந்தது. வீடு வயல் ஓரத்தில், நடந்து வருவதற்குத் தூரம்.

2022இல் நாடு விழுந்தபோது நிலைமை இன்னும் மோசமானது நமக்கெல்லாம் தெரியும். செம்பு, பித்தளை, அலுமினியம் விலை ஏறியது. மின் வயர், டெலிபோன் கேபிள், தண்ணீர் மீட்டர் எல்லாம் கழன்று போன காலம் அது. விலை கொடுத்து வாங்க ஒருவன் இருந்ததால்தான் ஒருவன் கழற்றினான். இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு இதற்குத் திரும்ப வருகிறேன்.

ஆகவே கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குகிறோம் என்பதுதான் கேள்வி. ஏனென்றால், இதே ஊரில் இதே கோபத்தை நாம் முன்பும் ஒருதரம் இறக்கினோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு மாதம். தராவீஹ் முடிந்து வரும்போது சந்தியில் ஒரே கூட்டம். லைட் கம்பத்தில் ஒரு பையனைக் கட்டி வைத்திருந்தார்கள். பதினைந்து வயதிருக்கும். எட்டாம் வகுப்பில் நான் கணிதம் படிப்பித்த பிள்ளை. யாரோ ஒருவரின் சைக்கிள் காணாமல் போயிருந்தது, இவன் அந்த ஒழுங்கையால் நடந்து போனானாம். அவ்வளவுதான் சாட்சி. உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் "சேர், அல்லாஹ்வுக்காக நான் எடுக்கல்ல சேர்" என்றான். நான் போய் "விடுங்க தம்பி, பொலிசுக்குச் சொல்லுவம்" என்று மெல்லமாகச் சொன்னேன். "நீங்க போங்க சேர், இது படிப்பிக்கிற வேலை இல்ல" என்றார் ஒருவர். நான் போய்விட்டேன். ஆம், போய்விட்டேன். போகும்போது நாலைந்து போன்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததையும் கண்டேன்.

மறுநாள் ளுஹருக்கு முன் சைக்கிள் கிடைத்தது. சொந்தக்காரரின் மச்சான் அவசரமாக எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போயிருந்தார். சொல்ல மறந்துவிட்டாராம்.

சைக்கிள் திரும்பி வந்தது. வீடியோ திரும்பி வரவில்லை. அது பக்கத்து ஊர்களுக்கும் போய்விட்டது. பையன் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. சாதாரண தரம் எழுதவில்லை. அடித்தவர்களில் ஒருவரும் அந்த வீட்டுப் படியேறி "பிழைபட்டுப் போச்சு" என்று சொல்லவில்லை. நானும் பல மாதம் சென்றுதான் போனேன். அவனுடைய உம்மா தேத்தண்ணி தந்தா. அதைக் குடிக்கிறது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுதத் தெரியவில்லை.

நாளை உங்கள் வீட்டுப் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு மருந்து வாங்க ஒழுங்கையால் போகும். தடியோடு நிற்கிற தம்பிக்கு உங்கள் பிள்ளையின் முகம் தெரியாமல் இருக்கலாம். நினைத்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இளைஞர்கள் மாட்டுப்படக் கூடாது என்பதற்காக. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, தன் கண் முன்னே களவு போன்ற ஒரு குற்றத்தைச் செய்கிறவனைச் சாதாரண ஆள் ஒருவர் பிடிக்கலாம். ஆனால் பிடித்தவர் வீண் தாமதமின்றி அவனைப் பொலிஸிடம் ஒப்படைக்க வேண்டும். கண் முன்னே நடக்க வேண்டும், தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் கட்டுவதற்கும் அடிப்பதற்கும் இடமில்லை. கட்டி வைத்து அடித்தால் அது தனிக் குற்றம். அடிக்கப்பட்டவன் உண்மையிலேயே கள்ளனாக இருந்தாலும் அது குற்றம்தான். நாளை வழக்கு வந்தால் கூட்டத்தில் கை உயர்த்திய நாம் யாரும் அந்தத் தம்பிமாருக்குப் பக்கத்தில் கூட்டில் ஏறி நிற்கப் போவதில்லை.

இனி என் சொந்தக் கதை ஒன்று. இதை எழுதுவதற்குத்தான் எனக்கு நாலு நாள் எடுத்தது.

அந்த நோன்புக்கு முந்திய வருடம் என் வீட்டுக் கிணற்று மோட்டர் எரிந்துவிட்டது. புதிது வாங்கக் கையில் வசதியில்லை. பழைய இரும்புக் கடையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நல்ல மோட்டர், பெயின்ற்கூட அழியவில்லை. விலை புதியதில் காற்பங்கு. "காக்கா, இது யார்ர?" என்று கேட்டேன். "வெளிநாட்டுக்குப் போற ஒருத்தர்ர சேர், அவசரத்துக்கு வித்துட்டுப் போறார்" என்றார். பில் இருக்கா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லுவார், இல்லை என்று சொன்னால் நான் வாங்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. மனம் எப்படியெல்லாம் கணக்குப் பார்க்கிறது பாருங்கள். கணித ஆசிரியன் அல்லவா.

பிறகு தெரிய வந்தது, அது பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் மிளகாய்த் தோட்டம் செய்கிற ஒருவருடையது. அவர் அந்தப் போகத்தில் தண்ணீர் இறைக்க வழியில்லாமல் கன்றுகளைக் காயவிட்டவர். அவருடைய ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "சோனக ஆக்கள் வந்து களவெடுத்துக்கொண்டு போறாங்க" என்று. அதே கிழமைகளில் நம்மூரில் என்ன பேசினோம்? "தமிழ்ப் பக்கத்தில இருந்து வந்துதான் எடுக்கிறாங்க" என்று. இரண்டு ஊரிலும் எடுத்துக்கொண்டிருந்தது ஒரே கூட்டம். அதில் இரண்டு பக்கத்துப் பையன்மாரும் இருந்தார்கள். வாங்கியது ஒரே கடை. வாங்கிப் பூட்டியது என்னைப் போன்ற கௌரவமான ஆட்கள்.

லைட் கம்பத்தில் கட்ட வேண்டியிருந்தால் என்னையும் கட்டியிருக்க வேண்டும். களவுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவதும் நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். மார்க்கம் தெரிந்த நமக்கு அதை ஹலால் ஹராம் என்று தனியாகப் பிரித்துச் சொல்லவும் தேவையில்லை.

இப்போது நல்ல கதைக்கு வருகிறேன். ஏனென்றால் நம்மூரில் களவு குறைந்த ஒரு காலமும் இருந்தது. மறந்துவிட்டோம்.

அந்தப் பையனின் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் கொஞ்சம் வெட்கம் வந்தது. அப்போது இருந்த பொலிஸ் பொறுப்பதிகாரி நல்ல மனிதர், சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். பேருக்கு மட்டும் இருந்த சிவில் பாதுகாப்புக் குழுவை உட்கார வைத்தார். பள்ளி நிருவாகம், ஜீஎஸ், கடைக்காரர் இரண்டு பேர், மீனவர் சங்கம், மாதர் சங்கம், பாடசாலையில் இருந்து நான், பக்கத்துக் கிராமத்தில் இருந்து கோயில் நிருவாகத்தில் ஒருவர். முதல் கூட்டத்தில் எல்லாரும் கள்ளனின் பெயரைச் சொல்லத்தான் வந்திருந்தோம். அவர் "பெயர் வேணாம். எப்ப போச்சு, எங்க போச்சு, என்ன போச்சு, எப்படிப் போச்சு, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதத் தொடங்கினோம். எழுதியவர் மாதர் சங்கச் செயலாளர் ராத்தா. இரண்டு மாதத்தில் அந்தக் கொப்பி நமக்கு ஊரைக் காட்டித் தந்தது. நாம் நினைத்ததுபோல் களவு நடுச்சாமத்தில் நடக்கவில்லை. ஜும்ஆ நேரம், தராவீஹ் நேரம், கலியாண வீட்டுக்கு ஒழுங்கையே கிளம்பிப் போகிற நேரம், இவைதான். ஊர் முழுக்கப் பள்ளியில் நிற்கும்போது வீடு வெறுமையாக இருக்கிறது என்று கள்ளனுக்கும் தெரியும்தானே. மோட்டர்கள் போனது பெரும்பாலும் மையவாடிப் பக்கத்து இருட்டு ஒழுங்கையால். ஒரு வீட்டில் எடுத்தவன் சில கிழமைக்குள் அதே வீட்டுக்கு, அல்லது அடுத்த வீட்டுக்குத் திரும்பி வருகிறான்.

இந்தக் கடைசி விசயம் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில் கேர்க்ஹோல்ட் என்று ஒரு குடியிருப்பு. 1980களின் நடுப்பகுதியில் அங்கே வீடு உடைப்பு மிக மோசம். பொலிஸ், நன்னடத்தைத் திணைக்களம், மன்செஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள், குடியிருப்பாளர்கள் சேர்ந்து பார்த்தபோது, ஒருதரம் உடைக்கப்பட்ட வீடுதான் திரும்பவும் உடைக்கப்படுகிறது என்று கண்டார்கள். காசு போட்டுப் பாவிக்கிற மீட்டர் பெட்டிகள் வீட்டுக்குள் இருந்ததும் கள்ளர்களை இழுத்தது. அவர்கள் செய்தது பெரிய மந்திரமல்ல. அந்த மீட்டர்களை அகற்றினார்கள், உடைக்கப்பட்ட வீட்டுக்கு உடனே பூட்டைப் பலப்படுத்தினார்கள், சுற்றியுள்ள ஆறேழு வீட்டாரிடம் அந்த வீட்டைக் கவனிக்கச் சொன்னார்கள். சில மாதங்களிலேயே வீடு உடைப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. யாரையும் கம்பத்தில் கட்டவில்லை.

நாமும் நமக்குத் தெரியாமலே அதைத்தான் செய்தோம்.

பள்ளியில் பித்தளைக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு குழாய்கூடப் போகவில்லை. மையவாடி ஒழுங்கைக்குப் பிரதேச சபையிடம் மூன்று லைட் கேட்டு வாங்கினோம். ஜும்ஆ நேரத்தில் ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் பெண்கள் வாசலில் இருப்பதென்று ராத்தாமார் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். முந்தானை மூடிக்கொண்டு கதிரை போட்டு இருந்து பாய் பின்னுவார்கள், கதைப்பார்கள், அவ்வளவுதான். புது முகம் வந்தால் "யார தேடுறீங்க மன?" என்று ஒரு கேள்வி. நல்லவனாக இருந்தால் வழி சொல்லி அனுப்புவார்கள். களவுக்கு வந்தவன் அந்தக் கேள்வியோடே திரும்பிவிடுவான். பொல்லுப் பிடித்த பத்து இளைஞர்களைவிட அந்தக் கேள்வி பலமானது.

மிக முக்கியமான வேலை பழைய இரும்புக் கடைகளில் நடந்தது. பொறுப்பதிகாரியும் பள்ளித் தலைவரும் சேர்ந்தே போனார்கள். மிரட்டவில்லை. "மோட்டர், சைக்கிள், செம்புக் கம்பி, குழாய் யார் கொண்டு வந்தாலும் அடையாள அட்டை இலக்கத்தையும் போன் இலக்கத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதுங்க. எழுத மாட்டன் எண்டு சொல்றவன்ட சாமானை எடுக்காதீங்க" என்றார்கள். ஒரு கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். மற்றவர் "எனக்கும் நிம்மதிதான், ஆர்ர சாமானெண்டு தெரியாம வாங்கிற பயம் எனக்கும் இருக்கு" என்றார். நம் வாப்பாமார், அப்பாமார் மாடு வாங்கும்போது குறி பார்த்து, எழுத்தில் சீட்டு வாங்காமல் கயிற்றைக் கையில் எடுக்க மாட்டார்கள். மாட்டுக்கு இருந்த ஒழுங்கை மோட்டருக்கும் போனுக்கும் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். விற்க இடமில்லாமல் போனதும் எடுக்கிறவன் கை தானாகச் சுருங்கியது.

பக்கத்துக் கிராமத்தோடு இரண்டு போன் இலக்கங்களைப் பரிமாறிக்கொண்டோம். அங்கே ஒன்று காணாமல் போனால் இங்கே தெரியும், இங்கே போனால் அங்கே தெரியும். அப்படித்தான் என் வீட்டு மோட்டரின் கதையும் வெளியே வந்தது. கோயில் நிருவாகத்தில் இருந்து வந்தவர் சொன்ன அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த எனக்கு வியர்த்தது. இரவோடு இரவாகக் கழற்றி, மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு தோட்டக்காரரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் மோட்டரைத் தடவிப் பார்த்துவிட்டு "நீங்க காசு குடுத்து வாங்கினதுதானே சேர், உங்களுக்கும் நட்டம்தான்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஏன் இதெல்லாம் நின்றது? வேறு யாரும் நிறுத்தவில்லை. நாமே நிறுத்தினோம்.

பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவரைப் போய்ச் சந்திக்க யாரும் மெனக்கெடவில்லை. பள்ளி நிருவாகத் தெரிவில் இரண்டு பக்கமாகப் பிரிந்தோம். குழு "அவங்கட குழு" ஆகிவிட்டது. தேர்தல் வந்ததும் குழுவில் இருந்த இருவர் இரண்டு கட்சிக்குப் போனார்கள். கூட்டம் என்றால் படம் எடுத்துப் போடுவது என்றானது. இரும்புக் கடைப் புத்தகத்தை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காத புத்தகத்தை அவர் ஏன் எழுதப் போகிறார்? ராத்தாவிடம் இருந்த கொப்பியை "நாங்க வச்சிருக்கம்" என்று வாங்கியவர் தொலைத்துவிட்டார். மாதர் சங்கத்தைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதையும் விட்டோம். போன வெள்ளிக்கிழமை கூட்டத்தைப் பாருங்கள்: ஒரு பெண்கூட இல்லை, ஒரு கடைக்காரர் இல்லை, ஜீஎஸ் இல்லை, பொலிஸ் இல்லை, பக்கத்து ஊரவர் இல்லை. பொல்லு மட்டும் இருந்தது.

இனி நீங்கள் கேட்கப் போகிற கேள்விகள்.

"பொலிசுக்குப் போய் என்ன சேர் கிடைக்கப் போகுது? அலைய விடுவாங்க."

உண்மை. நானும் அலைந்திருக்கிறேன். ஒரு முறைப்பாடு எழுத அரை நாள் குந்தியிருந்திருக்கிறேன். தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்று நாளைக்கு வரச் சொன்னதும் உண்டு. ஆனால் நாம் என்ட்ரி போடாவிட்டால் நம்மூரில் களவே நடக்கவில்லை என்றுதான் அவர்களின் புத்தகம் சொல்லும். ரோந்து வேண்டும் என்று கேட்டால் எதைக் காட்டிக் கேட்பது? தனியாகப் போகிறவர் அலைகிறார். பள்ளி நிருவாகத்தில் ஒருவரோ ஜீஎஸ்ஸோ கூடப் போனால் அலைச்சல் குறைகிறது. கூட்டு முயற்சி என்பதன் முதல் பொருளே அதுதான்.

"பொலிசுக்குக் குடுத்தா ஊர் மானம் போகும். நம்மட பிள்ளையள்தானே."

ஊர் மானத்துக்குப் பயந்து மறைப்பது ஒரு பக்கம், ஏழை வீட்டுப் பையன் என்றால் கம்பத்தில் கட்டுவது இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஊரில்தான் நடக்கிறது. பெரிய குடியில் பிறந்த ஒருவன் போன் எடுத்து அகப்பட்டபோது என்ன நடந்தது? இரவோடு இரவாகப் பொருளைக் கொடுத்து, காதும் காதும் வைத்தமாதிரி முடித்தோம். மக்ஸூமிக் குலத்துப் பெண் களவில் அகப்பட்டபோது, உயர்ந்த குலம் என்று சொல்லி உஸாமா ரழியல்லாஹு அன்ஹு அவர்களைப் பரிந்து பேச அனுப்பியதும், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைக் கடுமையாக மறுத்ததும் நாம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடம். ஆளுக்கொரு நீதி வைப்பது சமூகத்தையே அழிக்கும் என்பதுதான் அந்தப் பாடம். பிள்ளைகளுக்கு மட்டும்தானா அது?

"சிசிடிவி போட்டா முடிஞ்சிதானே."

போடலாம், கடைத் தெருவில் உதவும். ஆனால் கெமரா களவைப் பார்க்கும், தடுக்காது. தொப்பியும் மாஸ்க்கும் போட்டவனின் படத்தை வைத்துக்கொண்டு ஊர் முழுக்க ஆளுக்கொரு பெயர் சொன்ன கூத்தையும் பார்த்தோம். யாரிடம் அந்தப் படம் இருக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒழுங்கு இல்லாத கெமரா இன்னொரு சண்டைக்குத்தான் வழி.

"அடிச்சாத்தான் பயம் வரும்."

ஐஸ் பழகியவனுக்கு அந்தப் பயம் இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். இப்போது நடக்கிற களவுகளில் போதைக்குக் காசு தேடி நடப்பவையும் இருக்கின்றன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். முதலில் களவு போவது வெளி வீட்டில் அல்ல. அந்தப் பையனின் சொந்த வீட்டில். உம்மாவின் காது மின்னி, வாப்பாவின் போன், தங்கச்சியின் சீதனத்துக்குச் சேர்த்த பாத்திரம். அந்த உம்மா யாரிடமும் சொல்ல மாட்டா. சொன்னால் மகனைப் பொலிஸ் கொண்டுபோகும், மகளுக்கு மாப்பிள்ளை வராது. அந்த மௌனத்தில் ஆறு மாதம் போனபின் அவன் ஒழுங்கைக்கு வருகிறான். அந்த முதல் மாதத்திலேயே ஒரு தாய் நம்பிக்கையோடு வந்து சொல்ல ஊரில் ஒரு கதவு திறந்திருந்தால், பிறகு பத்து வீட்டுக் கதவு உடையாது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது. போக வழி காட்டுவதும், கூடப் போவதும், செலவுக்கு ஸக்காத் நிதியத்தில் இருந்து கொடுப்பதும் நம் வேலை.

உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் காலத்தில் ஹாதிப் என்பவரின் அடிமைகள் ஒருவரின் ஒட்டகத்தைக் களவெடுத்து அறுத்துத் தின்றார்கள். விசாரித்த உமர், அவர்களைப் பட்டினி போட்ட எஜமானையே ஒட்டகத்தின் விலையைப் போல் இரண்டு மடங்கு கட்ட வைத்தார். களவை அவர் நியாயப்படுத்தவில்லை. ஒட்டகக்காரருக்கு நீதி கிடைத்தது. ஆனால் கேள்வி கள்ளனோடு நிற்கவில்லை, அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவரிடமும் போனது. நாம் கேள்வியைக் கம்பத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

சரி சேர், என்ன செய்யச் சொல்றீங்க? சொல்கிறேன். காசு அதிகம் தேவையில்லாத வேலைகள்.

1. சிவில் பாதுகாப்புக் குழுவைத் திரும்பக் கூட்டுவோம். பள்ளி, ஜீஎஸ், பொலிஸ், கடைக்காரர், மீனவர், விவசாயி, பாடசாலை, பக்கத்துக் கிராமம். பெண்கள் கட்டாயம். பொறுப்பதிகாரி மாறினால் ஒரு கிழமைக்குள் புதியவரைப் போய்ச் சந்திப்பது செயலாளரின் கடமை.

2. கொப்பியைத் திரும்பத் திறப்போம். என்ன, எங்கே, எப்போது, எப்படி. யார் என்ற பக்கம் அதில் இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பொலிஸிடம் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அல்ல.

3. இரும்புக் கடை, பழைய போன் கடைகளில் பதிவுப் புத்தகம். மாதம் ஒருதரம் பொலிஸும் குழுவும் சேர்ந்து பார்ப்பது. ஒழுங்காக எழுதுகிற கடைக்காரரை ஊர் மெச்ச வேண்டும். வாங்குகிற நாமும் பில்லோ, விற்றவரின் பெயர் எழுதிய துண்டோ இல்லாமல் வாங்குவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடியும்.

4. இன்றிரவே உங்கள் போனில் ஸ்டார், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் அழுத்துங்கள். வருகிற பதினைந்து இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மோட்டர், தையல் மெசின், சைக்கிள், தோணி இயந்திரம் எல்லாவற்றின் தொடரிலக்கத்தையும் எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாட்டால் பொருள் கிடைத்தாலும் உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பாடசாலை மாணவர் தலைவர்களை வைத்து, எழுதத் தெரியாத வீடுகளுக்கு எழுதிக் கொடுக்க நான் பொறுப்பெடுக்கிறேன்.

5. களவு போன வீட்டுக்கு மறுநாளே குழு போக வேண்டும். விசாரிக்க அல்ல. கேற்றுக்குப் பூட்டுப் போட, உடைந்த ஜன்னலைத் திருத்த, சுற்றி உள்ள வீட்டாரிடம் கொஞ்ச நாள் கவனிக்கச் சொல்ல. வசதியில்லாத வீடென்றால் பூட்டுக்கு நாம் காசு போடுவோம்.

6. இரவில் இளைஞர்கள் நிற்கத்தான் வேண்டும் என்றால் பொலிஸுக்குப் பெயர் கொடுத்து, டோர்ச்சும் போனும் மட்டும் கொண்டு நிற்கட்டும். ஏதாவது கண்டால் 119. தடி வேண்டாம். வீடியோ வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அது பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். சிறுவர் சம்பந்தமான விசயங்களுக்கு 1929 இருக்கிறது.

7. பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியலை ஒவ்வொரு தவணையும் நான் அதிபரின் அனுமதியோடு குழுவுக்குத் தருகிறேன். கள்ளர் பட்டியலாக அல்ல. யாரும் போய் ஏன் வரவில்லை என்று கேட்காத வீடுகளின் பட்டியலாக. ஒருவனுக்குச் சைக்கிள் வேண்டியிருக்கும், ஒருவனுக்குத் தொழில் பழக ஒரு கராஜ் வேண்டியிருக்கும், ஒருவனுக்கு மருத்துவம் வேண்டியிருக்கும்.

இதெல்லாம் செய்தால் களவு இல்லாமல் போகுமா? போகாது. குறையும். குறைந்ததை நாமே கண்டோம். திரும்ப ஏறியதையும் நாமே கண்டோம். இதை மழைக்கு முன் வாய்க்கால் வெட்டுவதுபோல் ஒவ்வொரு போகமும் செய்ய வேண்டும். ஒருதரம் வெட்டிவிட்டோம் என்று விட்டால் புல் மூடிவிடும்.

அந்தப் பையனுக்கு இப்போது இருபது கடந்துவிட்டது. டவுனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான், நல்ல வேலைக்காரன் என்கிறார்கள். போன மாதம் என் மோட்டார் சைக்கிளைக் கொண்டு போனேன். திருத்தித் தந்தான். எவ்வளவு மன என்று கேட்டேன். "பரவால்ல சேர்" என்றான். வற்புறுத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். நம்மூர்ச் சந்தியால் அவன் வருவதில்லை, சுற்றுப் பாதையால்தான் வீட்டுக்குப் போகிறான் என்று அங்கிருந்த இன்னொரு தம்பி சொன்னார்.

இந்த வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு திரும்பவும் கூட்டம் இருக்கிறது. இந்தத் தடவை நான் பேசுவேன். நிருவாகத்திடமும் ஜீஎஸ்ஸிடமும் சொல்லியிருக்கிறேன், மாதர் சங்கத்துக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருகிறவர்கள் தடி கொண்டுவர வேண்டாம். வீட்டுச் சாமான்களின் இலக்கம் எழுதிய ஒரு துண்டு கொண்டு வாருங்கள். அதில் இருந்து தொடங்குவோம்.

கருத்து எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். யாருடைய பெயரையும், எந்தக் கடையின் பெயரையும் எழுத வேண்டாம். எழுதினால் அழித்துவிடுவேன்.

வஸ்ஸலாம்.